ஆச்சிக்கு கொடை வீடியோவ டிவிடில போட்டுக் கொடுக்க நான் பட்ட பாடு

இத எழுதவே கூடாதுன்னுதான் இருந்தேன், ஏன்னா நான் பண்ணுன கோட்டித்தனத்த நானே ஊருக்கு தமுக்கடிச்ச மாதிரி ஆயிரும். ஆனா போன வாரம் ஆபீஸ்ல ஒரு அண்ணாச்சி, அவுக அப்பாவுக்கு பேத்தி சடங்கு வீடியோவ டிவிடில போட்டுக் கொடுக்கணுமாம், "ஒரு டிஸ்க்க வாங்கி காப்பி பண்ணுனா முடிஞ்சுது, என்ன பெரிய வேலை"ன்னு சொன்னாரு பாருங்க, நாலு மாசத்துக்கு முந்தி நானே பேசுன மாதிரி இருந்துச்சு. அவருகிட்ட வாயால சொல்லி முடியல, அதான் உக்காந்து டைப் பண்ணிட்டேன். மொத்தம் மூணு வாரத்துக்கு மேல, 3,659 ரூவா, பஸ் காசு தனி.

எங்க ஆச்சிக்கு 84 வயசு. ஊரு சேரமாதேவில இறங்கி மினி பஸ் பிடிச்சு உள்ள போகணும். தை மாசம் முத்தம் தெளிக்கும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு, ஆபரேஷன் பண்ணி, வாக்கர் பிடிச்சு கக்கூஸ் வரைக்கும் போவாக, அதுக்கு மேல நடை கிடையாது. சித்திரைல எங்க சுடலைமாடன் கோயில் கொடை, அதான் கோயில் திருவிழா. கல்யாணம் ஆகி அந்த ஊருக்கு வந்த நாள்ல இருந்து ஆச்சி ஒரு கொடை விட்டது கிடையாது. இந்த வருஷம் கோயிலு கூப்பிடு தூரத்துல இருந்தும் போக முடியல. ராத்திரி பூரா கட்டில்ல கெடந்துக்கிட்டு கொழாய் ஸ்பீக்கர்ல வர்ற வில்லுப்பாட்ட கேட்டுக்கிட்டே இருந்திருக்காக. மறுநாள் நான் பக்கத்துல உக்காந்து "கேட்டிகளா ஆச்சி, நல்லா பாடுனாவளா"ன்னா, "சத்தம் கேட்டுச்சுய்யா, மொகம் பாக்கணும்லா"ன்னாக. அந்த ஒரு வார்த்தைல ஆரம்பிச்சதுதான் எல்லாம்.

மும்பைல இருக்க பெரியப்பா மவன் கொடைக்கு வந்திருந்தான், அவன்தான் ஸ்டாண்டு வச்சு போன்ல முழுசா எடுத்தான். குடியழைப்பு, மதியக் கொடை, சாமக்கொடைன்னு மொத்தம் அஞ்சு ஃபைலு, 280 நிமிஷம். மொதல்ல வாட்ஸ்அப்ல வீடியோவா அனுப்புனான், அது தானா சுருக்கி அனுப்பிரும்லா, சாமி ஆடுதவரு யாருன்னே தெரியாத அளவுக்கு கலங்கலா இருந்துச்சு. பொறவு கூகுள் டிரைவ்ல ஏத்தி லிங்க் அனுப்புனான், 14 ஜிபி. இங்க ஒரு சின்ன விஷயம். ஃபோல்டர மொத்தமா டவுன்லோட் பண்ணுனா அது பல ஜிப் ஃபைலா பிரிஞ்சு வரும், அதுல ஒண்ணு பாதில நின்னாலும் நமக்கு தெரியாது. எனக்கு மதியக் கொடை ஃபைலு அப்படித்தான் வராமலே இருந்துச்சு, ரெண்டு நாள் கழிச்சு எண்ணிப் பாக்கும்போதுதான் கண்டுபிடிச்சேன். ஒவ்வொரு ஃபைலா தனித்தனியா எறக்கிக்கோங்க, எறக்குனதும் ஒவ்வொண்ணோட கடைசி அஞ்சு நிமிஷத்த ஓட்டிப் பாருங்க.

ஏன் டிவிடி, போன்ல காட்ட வேண்டியதுதானன்னு எல்லாரும் கேட்டாங்க. ஆச்சிக்கு கை நடுங்கும், போன் ஸ்கிரீன் கண்ணுக்கு எட்டாது. வீட்ல இருக்கது கலைஞர் ஆட்சில கொடுத்த 14 இஞ்ச் கலர் டிவி, அதோட மஞ்சள் வெள்ளை சிவப்பு வயர் மாட்டுன பழைய டிவிடி பிளேயர். அந்த பிளேயர்தான் ஆச்சிக்கு உலகத்துலயே ஓட்டத் தெரிஞ்ச ஒரே மெஷின். தட்டு வெளிய வரும், டிஸ்க்க வப்பாக, உள்ள போகும், முக்கோணம் போட்ட பட்டன அமுக்குவாக. மோசர் பேர்காரங்க 34 ரூவாக்கு படம் வித்த காலத்துல பெரியப்பா வாங்கிப் போட்ட டிஸ்க்கெல்லாம் ஒரு பிஸ்கட் டின்ல இன்னும் இருக்கு, அத மாத்தி மாத்தி போட்டு பாத்துக்கிட்டு இருப்பாக. புது டிவி வாங்கித் தாரேன்னேன், "சவத்த எதுக்கு, இது நல்லாத்தான ஓடுது"ன்னு சொல்லிட்டாக.

சரின்னு முதல்ல பென்டிரைவ்ல ஏத்திட்டு திருநெல்வேலி ஜங்ஷன்ல ஒரு கடைக்கு போனேன். கடை பேரு வேண்டாம். "இத டிவிடில போட்டுத் தாங்க"ன்னு ரெண்டு ஃபைல கொடுத்தேன், அரை மணி நேரத்துல டிஸ்க்க கைல கொடுத்து 200 ரூவா வாங்கிட்டாங்க. அங்கயே அவங்க கம்ப்யூட்டர்ல ஓட்டியும் காமிச்சாங்க, அருமையா ஓடுச்சு. ஞாயித்துக்கிழம பாபநாசம் பஸ்ல ஏறி ஊருக்குப் போயி போட்டா, பிளேயரு ரெண்டு நிமிஷம் உறுமிட்டு "நோ டிஸ்க்". தொடச்சுப் போட்டேன், திருப்பிப் போட்டேன். ஆச்சி கட்டில்ல சாஞ்சு உக்காந்து, கண்ணாடியெல்லாம் போட்டுக்கிட்டு ரெடியா இருக்காக. பக்கத்து வீட்ல இருந்தும் ரெண்டு பேரு வந்து தரையில உக்காந்தாச்சு. எனக்கு வேர்த்து ஊத்துது. கடைசில "மெஷினு கெட்டுப் போச்சு போல ஆச்சி"ன்னு பொய் சொன்னேன். அவுக ஒண்ணும் பேசாம டின்னத் தொறந்து ஒரு பழைய டிஸ்க்க எடுத்துக் குடுத்தாக, அது கிண்ணுன்னு ஓடுச்சு.

நடந்தது இதான். கடைக்காரரு எம்பி4 ஃபைல அப்படியே டிஸ்க்ல காப்பி பண்ணிட்டாரு. அதுக்கு பேரு டேட்டா டிஸ்க்கு, பென்டிரைவ்ல காப்பி பண்ணுன மாதிரிதான், தட்டு வடிவத்துல இருக்கு அவ்வளவுதான். பிளேயருக்கு வேண்டியது வீடியோ டிவிடி. அதுக்குள்ள வீடியோ_டிஎஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கணும், அதுல ஐஎஃப்ஓ, பியூபி, விஓபின்னு மூணு வகை ஃபைல் இருக்கணும், படம் எம்பெக்-2ங்கிற பழைய முறைல சுருக்கியிருக்கணும், நம்ம ஊரு டிவிக்கான பால் (PAL) முறைன்னா 720க்கு 576 அளவு, செகண்டுக்கு 25 ஃபிரேம், சவுண்டு 48 கிலோஹெர்ட்ஸ். இதுல ஒண்ணு மாறுனாலும் பழைய பிளேயர் முரண்டு பிடிக்கும். போன்ல எடுக்குற வீடியோ எச்.264 இல்லன்னா எச்.265ங்கிற புது முறைல சுருக்குனது, அந்த பிளேயரு செஞ்சபோது இருந்த சிப்புக்கு அது என்னன்னே தெரியாது. கடைல கொடுக்கப் போறீங்கன்னா "டிவிடி பிளேயர்ல ஓடணும், வீடியோ டிவிடியா மாத்தித் தாங்க"ன்னு இதே வார்த்தைல கேளுங்க, கம்ப்யூட்டர்ல ஓட்டிக் காமிச்சா ஒத்துக்காதீங்க, பிளேயர்ல போட்டு காட்டச் சொல்லுங்க. அரை மணி நேரத்துல முடிச்சுக் கொடுத்தாங்கன்னாலே சந்தேகப்படணும், ரெண்டு மணி நேர வீடியோவ மாத்தவே என் லேப்டாப்புக்கு ஒன்றரை மணி நேரம் பிடிச்சுது.

இதெல்லாம் அன்னைக்கு எனக்குத் தெரியாது. "கடைக்காரன் ஏமாத்திட்டான், நானே பண்ணிக்கிடுதேன்"னு ரோஷத்துல ஆன்லைன்ல 1,350 ரூவாக்கு வெளிய மாட்டுற டிவிடி ரைட்டர் ஒண்ணு வாங்குனேன், 250 ரூவாக்கு பத்து டிஸ்க்கு. ரைட்டர் வந்த அன்னைக்கே மக்கர், எழுத ஆரம்பிச்சு பத்து சதவீதத்துல எரர்னு நின்னுரும். டிஸ்க் ஒண்ணு போச்சு. பொறவு பாத்தா நான் அத யுஎஸ்பி ஹப்ல மவுஸோட கீபோர்டோட சேத்து மாட்டியிருந்தேன், அதுக்கு கரண்ட் பத்தல. இந்த மெல்லிசு ரைட்டருக்கு தனி அடாப்டர் கிடையாது, லேப்டாப்ல இருந்துதான் கரண்ட் எடுக்கும், நேரா லேப்டாப்ல மாட்டணும், சிலதுக்கு ரெண்டு தலை உள்ள கேபிள் குடுத்திருப்பாங்க, ரெண்டு தலையையும் சொருகணும். பெட்டிக்குள்ளயே அந்த கேபிள் இருந்துச்சு, நான் அத "எக்ஸ்ட்ரா போல"ன்னு எடுத்து மேசைக்குள்ள போட்டு வச்சிருந்தேன்.

அடுத்து விண்டோஸ்லயே காலி டிஸ்க்க போட்டதும் ஒரு கேள்வி வரும், பென்டிரைவ் மாதிரி வேணுமா, இல்ல சிடி டிவிடி பிளேயருக்கு வேணுமான்னு. நான் சந்தோசமா ரெண்டாவத அமுக்குனேன், அது தானா பிளேயருக்கு ஏத்த மாதிரி மாத்திரும்னு நெனச்சு. மாத்தாது. திரும்ப அழிக்க முடியாத மாதிரி எழுதும், அவ்வளவுதான், ஃபைலு அதே எம்பி4 தான். அடுத்த ஞாயிறும் நோ டிஸ்க். வண்ணார்பேட்டை கூட்டாளி ஒருத்தன், "லே, ஃபைலு பேர விஓபின்னு மாத்தி, வீடியோ_டிஎஸ்னு ஃபோல்டர் போட்டு எழுது, ஓடும்"னான். பேர மாத்துனா ஆளு மாறுவானாலே? ஆனா அன்னைக்கு நம்புனேன், இன்னொரு டிஸ்க்கு போச்சு. அவனே இன்னொண்ணும் சொன்னான், ஸ்டார்ட் மெனுல டிவிடி மேக்கர்னு தேடு, விண்டோஸ்லயே இருக்கும்னு. ஒரு மணி நேரம் தேடுனேன். அது விஸ்டாலயும் விண்டோஸ் 7லயும் இருந்ததாம், விண்டோஸ் 8ல இருந்தே எடுத்துட்டாங்களாம். என் லேப்டாப்பு 10.

இந்த இடத்துல எனக்கு ஆத்திரம் வந்துச்சு பாருங்க, அந்த ஆத்திரத்துலதான் பெரிய தொகை போச்சு. ராத்திரி பதினோரு மணிக்கு தேடுனதுல முதல்ல வந்த ஒரு சாஃப்ட்வேர எறக்குனேன், ஃப்ரீன்னு போட்டிருந்துச்சு. மூணு மணி நேரம் ஓடி முடிஞ்சப்பறம் பாத்தா படத்துக்கு நட்ட நடுவுல, சரியா சுடலைமாடன் பீடத்துக்கு மேல, அவங்க கம்பெனி பேரு பெருசா நிக்குது. அத எடுக்கணும்னா 1,499. விடியக்காலம் ரெண்டு மணிக்கு கார்டு நம்பர போட்டுட்டேன். விடிஞ்சு எந்திரிச்சிருந்தா போட்டிருக்க மாட்டேன், ஏன்னா அதே வேலைய சல்லிக்காசு வாங்காம செய்ற டிவிடி ஸ்டைலர்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, கடைசில எனக்கு கை கொடுத்தது அதுதான்.

அந்த காசு கொடுத்த சாஃப்ட்வேர்ல போட்ட டிஸ்க்கு, விடுங்க, பிளேயர் முதல் தடவையா ஒத்துக்கிடுச்சு, உள்ள லைட்டெல்லாம் எரிஞ்சு படம் வந்துச்சு. ஆனா கருப்பு வெள்ளைல வந்துச்சு, வந்தது நிக்காம கீழ இருந்து மேல உருண்டுக்கிட்டே போவுது. ஆச்சி செத்த நேரம் பாத்துட்டு "எய்யா, எனக்கு தலை சுத்துது"ன்னாக. அது என்.டி.எஸ்.சி.ன்னு அமெரிக்கா முறை, 720க்கு 480. சாஃப்ட்வேர்ல முதல்லயே அப்படி டிக் ஆகி இருந்திருக்கு, நான் பாக்கல. நம்ம ஊரு பழைய டிவிக்கு பால் முறைதான் ஆகும். இப்ப உள்ள எல்ஈடி டிவி ரெண்டையும் காட்டிரும், அதனால பொறவு பிளேயர வீட்டுக்கு கொண்டாந்து எங்க டிவில போட்டுப் பாத்தப்ப அதே டிஸ்க்கு நல்லாத்தான் தெரிஞ்சுது. பிளேயரோட செட்டிங்ஸ்ல டிவி டைப்னு ஒண்ணு இருக்கும், அதயும் பால்ல வச்சிருங்க.

அன்னைக்கு திரும்பி வரும்போது மினி பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து யோசிச்சேன், ஒவ்வொரு தப்பயும் கண்டுபிடிக்க ஒரு ஞாயித்துக்கிழம போவுது, ஏன்னா பிளேயரு ஊர்ல இருக்கு, நான் பாளையங்கோட்டைல இருக்கேன். மறுநாளே ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டுட்டுப் போயி பிளேயரயே வயர் கூடைல போட்டு தூக்கிட்டு வந்துட்டேன். ஆச்சிக்கு மனசே இல்ல, "நான் என்னத்த பாக்க"ன்னு கேட்டாக, ஒரு வாரத்துல கொண்டாந்துருவேன்னு தலைல அடிச்சு சத்தியம் பண்ணுனேன். எங்க டிவில மாட்டி, கூட ஒரு ஆர்.டபிள்யூ டிஸ்க்கு 60 ரூவாக்கு வாங்குனேன். இந்த ஆர்.டபிள்யூவ யாராவது எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தா கால்ல விழுந்திருப்பேன். அழிச்சு அழிச்சு எழுதலாம். பத்து நிமிஷத் துண்டு ஒண்ண வெட்டி, மாத்தி, அதுல எழுதி, அதே பிளேயர்ல போட்டு பாத்து, சரியில்லன்னா அழிச்சுட்டு மறுபடி. சில பிளேயரு ஆர்.டபிள்யூவ படிக்காது, எங்களுது படிச்சுது. நீங்க வேற எதையும் கேக்காட்டியும் பரவால்ல, எந்த பிளேயர்ல ஓடணுமோ அந்த பிளேயர பக்கத்துல வச்சுக்கிட்டு, அழிக்கிற டிஸ்க்ல பத்து நிமிஷத்த முதல்ல போட்டுப் பாருங்க. கம்ப்யூட்டர்ல விஎல்சிங்கிற வீடியோ சாஃப்ட்வேர்ல ஓடுதான்னு பாக்காதீங்க, அது கல்லத் தூக்கிப் போட்டாலும் ஓட்டும்.

பொறவு பேராசைல ஒரு தப்பு. ஆச்சி டிஸ்க்க மாத்த கஷ்டப்படுவாகளேன்னு 280 நிமிஷத்தயும் ஒரே டிஸ்க்ல அடைச்சேன். சாஃப்ட்வேரும் மறுக்கல, அடைச்சுக் கொடுத்துட்டு. ஓட்டிப் பாத்தா தீப்பந்தம் புடிச்சு சாமி ஆடுத எடத்துல படம் பூரா கட்டம் கட்டமா உடையுது, கேரம் போர்டுல பவுடர் கொட்டுன மாதிரி. கணக்கு ரொம்ப சுலபம், இத மட்டும் எழுதி வச்சுக்கோங்க. டிஸ்க்ல 4.7 ஜிபின்னு போட்டிருக்கும், கம்ப்யூட்டர் அதயே 4.38னு காட்டும், ஏமாத்து இல்ல, ரெண்டு பேரும் எண்ணுற முறை வேற. 4.7 ஜிபிய மெகாபிட்ல சொன்னா 37,600. வீடியோ எத்தன செகண்டோ அதால இத வகுத்தா ஒரு செகண்டுக்கு எவ்வளவு கிடைக்கும்னு வந்துரும், சவுண்டுக்கும் சேத்து. ரெண்டு மணி நேரம்னா 7,200 செகண்டு, 5.2 மெகாபிட் வரும், நல்லா இருக்கும். 280 நிமிஷம்னா 16,800 செகண்டு, 2.2 தான், அதான் உடையுது. மூணு டிஸ்க்கா பிரிச்சா ஒண்ணுக்கு 93 நிமிஷம், 6.7 வருது, தீப்பொறி தெறிக்கது கூட தெளிவா தெரியும். ரொம்ப ஏத்துனாலும் ஆகாது, வீடியோவுக்கு 9.8 தான் உச்சம், பழைய பிளேயருன்னா எட்டுக்குள்ள வச்சுக்கிடுறது நல்லது. இரட்டை லேயர் டிஸ்க்கு 8.5 ஜிபி இருக்கு, ஆனா விலையும் ஜாஸ்தி, பழைய பிளேயர் பாதில தடுமாறும்னு சொன்னாங்க, நான் அந்தப் பக்கமே போகல.

மூணா பிரிச்சு, டிவிடி ஸ்டைலர்ல பால்னு தேர்ந்தெடுத்து, எல்லாம் சரியா வந்துட்டுன்னு நெனச்சு ஓட்டிப் பாத்துக்கிட்டே சாப்பிட்டுட்டு இருந்தேன். முதல் பத்து நிமிஷம் ஒண்ணும் தெரியல. ஒரு மணி நேரம் தாண்டுனதும் எங்கயோ இடிக்குது. வில்லுப்பாட்டுல தெரியும்லா, புலவரு ஒரு வரி சொன்னா பின்பாட்டுக்காரங்க "ஆமா"ம்பாங்க. இங்க பின்பாட்டு அக்கா சொம்பத் தூக்கி தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்காக, சத்தம் மட்டும் "ஆமா... ஆமா..."ன்னு வருது. வீசுகோல் வில்லுல பட்டு தூக்குனதுக்கு அப்பறம் மணி சத்தம் வருது. ரெண்டு செகண்டு பிந்தி. எனக்கு சாப்பாடு எறங்கல. ஆச்சி கேட்டதே சத்தத்தோட மொகம் சேர்ந்து பாக்கணும்னுதான, அதுவே சேரலன்னா பொறவு என்னத்துக்கு.

இதுக்கு காரணம் கண்டுபிடிக்க ரெண்டு ராத்திரி ஆச்சு. போன் கேமரா செகண்டுக்கு 30 ஃபிரேம்னு சொன்னாலும் ஒரே சீரா எடுக்காது, வெளிச்சம் கம்மியானா ஃபிரேம கொறைக்கும், பொறவு கூட்டும். ராத்திரி சாமக்கொடைல டியூப் லைட்டும் பந்தமும்தான, அதனால நெறைய கூடிக் கொறஞ்சிருக்கு. டிவிடி கண்டிப்பா 25 வேணும்னு கேக்குது, மாத்தும்போது கணக்கு கொஞ்சம் கொஞ்சமா வழுகி ஒரு மணி நேரத்துல ரெண்டு செகண்டு ஆயிருது. வழி என்னன்னா நேரா டிவிடி ஸ்டைலர்ல போடாம, முதல்ல ஹேண்ட்பிரேக்னு இன்னொரு இலவச சாஃப்ட்வேர்ல ஃபைல போட்டு, ஃபிரேம் ரேட் 25னு வச்சு, கூடவே கான்ஸ்டன்ட்னு ஒரு டிக் இருக்கும் அதயும் போட்டு ஒரு தடவ மாத்திக்கிடணும், அதுல வர்ற ஃபைலத்தான் டிவிடி ஸ்டைலருக்கு கொடுக்கணும். ஹேண்ட்பிரேக்ல நேரா டிவிடி பண்ண முடியாது, அது வேற, பல பேரு அங்கதான் குழம்புறாங்க. இப்படி பண்ணும்போது நேரம் ரெட்டிப்பு, ராத்திரி போட்டுட்டு தூங்கிருங்க. சோதிக்கும்போது முதல் பத்து நிமிஷத்த பாக்காதீங்க, கடைசி பத்து நிமிஷத்த பாருங்க, நான் சொன்ன ஆர்.டபிள்யூ சோதனைல இது ஒண்ணுதான் மாட்டாம தப்பிச்சுது.

இன்னும் சில சில்லறை விஷயம். ஆச்சி டிவி பெட்டி டிவி, சதுர வாக்கு, வீடியோ அகலம். 16க்கு 9னு சரியா சொல்லி, பிளேயர்ல லெட்டர்பாக்ஸ்னு வச்சா மேலயும் கீழயும் கருப்புப் பட்டையோட முழுசா தெரியும், இல்லன்னா எல்லாரும் ஒடம்பு இளைச்சு நெட்டுக்குத்தா நிப்பாங்க. அந்த மாதிரி டிவி ஓரத்துல கொஞ்சத்த முழுங்கிரும், நான் ஓரத்துல "முதல் நாள்"னு எழுதி வச்சது "தல் நா"ன்னு தெரிஞ்சுது, எழுத்த உள்ள தள்ளிப் போடணும். மெனு கினு ஒண்ணும் வேண்டாம்னு எடுத்துட்டேன், டிஸ்க்க போட்டதும் நேரா படம் ஓடுத மாதிரி வச்சேன். ஆனா பத்து நிமிஷத்துக்கு ஒரு சாப்டர் போட்டேன், அது முக்கியம், ஏன்னா கரண்ட் போயி வந்தா பிளேயர் முதல்ல இருந்துதான் ஆரம்பிக்கும், சாப்டர் இருந்தா 'நெக்ஸ்ட்' பட்டன நாலு தடவ அமுக்கி விட்ட எடத்துக்கு வந்துறலாம்.

கரண்டுன்னதும் ஞாபகம் வருது, எழுதிக்கிட்டு இருக்கும்போது 80 சதவீதத்துல கரண்ட் போச்சு, என் லேப்டாப்பு பேட்டரி என்னைக்கோ செத்துப் போனது, டிஸ்க்கும் கூடவே செத்துச்சு. ஒரு டிஸ்க்க வேகமா 8எக்ஸ்ல எழுதுனேன், ஒரு மணி நேரம் ஓடிட்டு சிக்குது. டிஸ்க்க உள் வட்டத்துல இருந்து வெளிப் பக்கமாத்தான் படிக்கும், விளிம்புலதான் பிரச்சன ஜாஸ்தி, அதனால பழைய பிளேயரு எப்பவும் கடைசிலதான் மாட்டும். நாலு எக்ஸ்ல எழுதுனேன், டிஸ்க்க முட்ட முட்ட நெறைக்காம கொஞ்சம் விளிம்ப காலியா விட்டேன், சரியாச்சு. டிஸ்க்குல பிளஸ் ஆர், மைனஸ் ஆர்னு ரெண்டு வகை இருக்கு, முதல்ல வாங்குன பத்தும் பிளஸ் ஆர், பிளேயர் அத தேடித் தேடிப் படிச்சுது, பொறவு 300 ரூவாக்கு மைனஸ் ஆர் பேக் வாங்குனேன், அது போட்டதும் பிடிச்சுக்கிடுது. பழைய பிளேயருன்னா மைனஸே வாங்குங்க. நேரா டிஸ்க்ல எழுதாம முதல்ல மொத்த டிஸ்க்கயும் ஐஎஸ்ஓன்னு ஒரே ஃபைலா எடுத்து வச்சுக்கிட்டு, இமேஜ்பர்ன்னு (ImgBurn) டிஸ்க் எழுதுற சாஃப்ட்வேர்ல எழுதுனேன், எழுதி முடிச்சதும் ஒரு தடவ சரி பாக்கச் சொல்லுத டிக்கையும் போட்டேன். ஐஎஸ்ஓ இருந்தா டிஸ்க்கு கீறுனா இன்னொண்ணு போட்டுக்கிடுறது சின்ன வேலைதான். மேல ஸ்டிக்கர் ஒட்டாதீங்க, சுத்தும்போது ஆடும், மார்க்கர்ல எழுதுனா போதும், பால்பாயின்ட் பேனா வச்சு அழுத்துனா போச்சு.

அந்த பிளேயரு முன்னாடி ஒரு யுஎஸ்பி ஓட்டையும் இருந்துச்சு, அப்ப பென்டிரைவ்லயே போட்டிருக்கலாமேன்னு கேப்பீங்க. கேளுங்க. எல்லாம் முடிஞ்சப்பறம் பிளேயர துணி வச்சு தொடைக்கும்போதுதான் பாக்கேன், மூஞ்சில டிவ்எக்ஸ்னு சின்னதா ஒரு முத்திரை. அப்படி முத்திரை இருந்தா ஏவிஐ ஃபைலா, எக்ஸ்விட் முறைல, டிவிடி அளவுக்கு சின்னதாக்கிப் போட்டா படிக்கும், பென்டிரைவ ஃபேட்32னு ஃபார்மேட் பண்ணியிருக்கணும், அதுல ஒரு ஃபைலு 4 ஜிபிக்கு மேல போகக் கூடாது. ஒரு துண்ட போட்டுப் பாத்தேன், ஓடுச்சு. ரைட்டரும் வேண்டாம், டிஸ்க்கும் வேண்டாம். தரையில உக்காந்து சிரிச்சேன், வேற என்ன செய்ய. உங்க பிளேயர் மூஞ்சிய முதல்ல நல்லா பாத்துக்கோங்க. ஆனா ஒண்ணு, எங்க ஆச்சி பென்டிரைவ சொருக மாட்டாக, ரிமோட்ல யுஎஸ்பின்னு தேடி அமுக்கவும் மாட்டாக, அந்த வகைல டிஸ்க்குதான் சரின்னு மனச தேத்திக்கிட்டேன்.

சொன்ன வாரம் தாண்டி பத்தாவது நாளு பிளேயரயும் மூணு டிஸ்க்கயும் கொண்டு போயி வச்சேன். டிஸ்க்கு மேல பெருசா ஒண்ணு ரெண்டு மூணுன்னு மட்டும் எழுதியிருந்தேன். ஆச்சியே தட்டுல வச்சு முக்கோணத்த அமுக்குனாக. நான் எந்த ஃபிரேமுக்காக ரெண்டு ராத்திரி முழிச்சேனோ, அந்த வீசுகோல் வில்லுல பட்டு மணி சத்தம் சரியா கேக்குத எடம் வருது, நான் ஆச்சி மொகத்தப் பாக்கேன். அவுக வில்லுப்பாட்டயே பாக்கல. டிவிக்கு கிட்ட குனிஞ்சு, கூட்டத்துல பின்னாடி நிக்க பொம்பளைகள ஒவ்வொருத்தியா விரல வச்சு எண்ணுதாக. "இவ வந்திருந்தாளா... இவ எப்ப இப்படி நரைச்சா... ஏட்டி, என் கட்டிலு பக்கத்துல வந்து ஒரு வார்த்த கேக்காம போயிட்டியே"ன்னு டிவிகிட்ட சண்ட போடுதாக. பொறவு என்னப் பாத்து, "எய்யா, இத நிப்பாட்டு, அந்த தூணுகிட்ட நிக்கது யாருன்னு பாக்கணும்"னாக. நிப்பாட்டுனேன். 14 இஞ்சுல ஒரு விரல் நகம் அளவுக்குத்தான் மொகம் தெரிஞ்சுது, ஆச்சி கண்டுபிடிச்சுட்டாக.